வீட்டில் பழக் கம்போட்: துண்டு கரையாமல், பாகு நீர்க்காமல், கெடாமல்

கூடைப்பழம்
ஆப்பிளும் பேரிக்காயும் சேர்த்துச் செய்யும் கம்போட்டில் (பாகில் வேகவைத்த பழத்தில்) ஆப்பிள் கூழாகிவிடுகிறது, பேரிக்காய் வேகாமல் நிற்கிறது. அளவு இது: ஆப்பிள் 500 கிராம், பேரிக்காய் 500 கிராம், தண்ணீர் 400 மி.லி., சர்க்கரை 150 கிராம், ஒரு எலுமிச்சையின் சாறு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, மூடி, கொதியில் 20 நிமிடம். சர்க்கரையை முதலிலேயே போடு என்று ஒரு குறிப்பு சொல்கிறது, இறக்கும்போது போடு என்று இன்னொன்று. எது சரி? இன்னொரு சிக்கல், ஆறியதும் பாகு தண்ணீராக ஓடுகிறது. கெட்டியாகட்டும் என்று காய்ச்சினால் பழம் போய்விடுகிறது. பாட்டிலில் எத்தனை நாள் வைக்கலாம் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிறுதீ
இரண்டு குறிப்பும் சரிதான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைக் கம்போட்டுக்கு.

பழத்தின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின். சூட்டில் அது கரையும்போதுதான் துண்டு குழைகிறது. சுற்றியிருக்கும் நீரில் சர்க்கரை இருந்தால் அந்தக் கரைதல் மெதுவாக நடக்கும். அதனால் துண்டு துண்டாக நிற்க வேண்டுமானால் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் பாகாக்கிவிட்டுப் பழத்தைப் போட வேண்டும். மசித்த பதம் வேண்டுமானால் பழத்தை வெறும் தண்ணீரில் குழையவிட்டு, இறக்குவதற்கு 2 நிமிடம் முன்பு சர்க்கரை.

ஆனால் உங்கள் சிக்கலுக்குச் சர்க்கரை காரணம் இல்லை. 400 மி.லி. தண்ணீருக்கு 150 கிராம் என்பது நல்ல அளவு. தவறு மூன்று இடத்தில் இருக்கிறது.

முதலாவது கொதி. தளதளவென்று கொதிக்கும்போது துண்டுகள் ஒன்றோடொன்று மோதி ஓரம் உதிரும். கம்போட்டுக்கு 85 முதல் 90 டிகிரி போதும். பாத்திரத்தின் அடியிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழும், மேற்பரப்பு லேசாக நடுங்கும். அந்த அளவுத் தீ. மூடியை இறுக்கினால் உள்ளே தானாகவே கொதி ஏறிவிடும். மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள்.

இரண்டாவது, இரண்டு பழத்தையும் ஒரே நேரத்தில் போட்டது. பேரிக்காயை 2 செ.மீ. கனத்துக்கு நறுக்கி முதலில் போடுங்கள். 8 முதல் 10 நிமிடம் கழித்து, 3 செ.மீ. கனத்தில் நறுக்கிய ஆப்பிள். மேலும் 6 முதல் 8 நிமிடம். பல் குத்தும் குச்சி லேசான எதிர்ப்போடு உள்ளே இறங்கும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். பாகின் சூட்டில் மிச்சம் தானாக வேகும். அடுப்பில் இருக்கும்போதே பூப்போல வெந்துவிட்டது என்றால் ஆறும்போது கண்டிப்பாகக் குழையும்.

மூன்றாவது எலுமிச்சை. புளிப்பு சேர்ந்தபின் காய் வேக மறுப்பது எல்லா அடுப்பிலும் நடப்பதுதான். பழுக்காத கெட்டிப் பேரிக்காயில் முதலிலேயே சாற்றை ஊற்றினால் அது அடம்பிடிக்கும். பாதி வெந்த பிறகு, ஆப்பிளோடு சேர்த்து ஊற்றுங்கள். ஆப்பிளுக்கு அந்தப் புளிப்பு தேவை, அது உருக்குலையாமல் காக்கும்.

தராசுத்தட்டு
சிறுதீ சொன்னதோடு ஆப்பிள் வகையையும் பார்க்க வேண்டும். பிராம்லி போன்ற சமையல் ஆப்பிள் நல்ல புளிப்பானது, ஆனாலும் சூடு பட்டதும் நுரைபோலப் பொங்கிக் கூழாகும். அதன் சதையின் அமைப்பு அப்படி, எலுமிச்சை அதைக் காப்பாற்றாது. மசித்த கம்போட்டுக்கு அதைவிட நல்ல பழம் கிடையாது. துண்டு நிற்க வேண்டுமானால் கிரானி ஸ்மித், கோல்டன் டெலிஷியஸ் போன்றவை.

பாகின் அடர்த்தி பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான பழங்களில் 10 முதல் 14 சதவீதம் வரை சர்க்கரை இயல்பாகவே உண்டு. பாகு அதைவிட மிக நீர்த்திருந்தால் பழம் தண்ணீரை இழுத்து ஊதும், தோலோடு போட்ட செர்ரியும் பிளம்ஸும் வெடிக்கும். பாகு மிகக் கெட்டியாக, சர்க்கரையும் தண்ணீரும் சரிக்குச் சரியாக இருந்தால் பழத்திலிருந்து நீர் வெளியேறித் துண்டு சுருங்கித் தோல்போல ஆகும். 1 லிட்டர் தண்ணீருக்கு 250 முதல் 375 கிராம் என்பது இரண்டுக்கும் நடுவே பாதுகாப்பான இடம். இனிப்பு கூடுதலாக வேண்டுமா, பழம் வெந்து ஆறிய பிறகு பாகை மட்டும் தனியே திருத்திக்கொள்ளலாம்.

நறுக்கிய துண்டு கறுப்பதைத் தடுக்க 1 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து அதில் போட்டு வையுங்கள். 15 நிமிடத்துக்கு மேல் ஊற வேண்டாம், சுவை நீருக்குப் போய்விடும்.

கூடைப்பழம்
பேரிக்காய்த் துண்டுகள் மிதக்கின்றன. மேல்பக்கம் வேகாமல் நிறமும் மாறுகிறது. திருப்பிவிட்டுக்கொண்டே இருந்தால் உடைகிறது.

சிறுதீ
கரண்டியே போடாதீர்கள். பேக்கிங் தாளைப் பாத்திரத்தின் உள்வட்ட அளவுக்கு வெட்டி, நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவு துளை போட்டு, பாகின்மேல் நேராகப் படும்படி மூடுங்கள். துண்டுகள் அமிழ்ந்தே இருக்கும், நீராவி துளை வழியே போகும். கலக்க வேண்டியிருந்தால் பாத்திரத்தின் இரு காதையும் பிடித்து ஒரு சுழற்று சுழற்றுங்கள், போதும். பாத்திரம் அகலமாக இருக்கட்டும், பழம் இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். ஆழமான பாத்திரத்தில் அடியில் இருப்பது நசுங்கும்.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது எனாமல். பூச்சில்லாத அலுமினியமும் இரும்பும் பழப் புளிப்போடு சேர்ந்து உலோக வாடை தரும், நிறத்தையும் கெடுக்கும்.

பாகுபதம்
பாகு ஓடுவதற்கு வருகிறேன். ஜாம் பதம் என்பது வேறு கணக்கு. அங்கே முடிவில் 60 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை, கொதிநிலை 104, 105 டிகிரிக்கு ஏறும், பெக்டின் வலை பின்னி உறையும். கம்போட்டில் சர்க்கரை அதில் பாதிகூடக் கிடையாது. ஜாம்போல உறையும் அளவுக்குக் காய்ச்சினால் அதற்குள் பழம் குலைந்துவிடும். அதனால் பழத்தையும் பாகையும் பிரித்துவிடுங்கள்.

வெந்த துண்டுகளைத் துளைக்கரண்டியால் அகலத் தட்டில் எடுத்து வையுங்கள். பாகை மட்டும் பெரிய தீயில், மூடாமல், பாதியாகச் சுண்டவிடுங்கள். தட்டில் வடிந்த சாற்றையும் அதிலேயே ஊற்றிவிட வேண்டும், மறந்தால் அதுவே பிறகு பாகை நீர்க்க வைக்கும். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு இழுங்கள். கோடு உடனே மூடாமல் மெதுவாகச் சேர்ந்தால் சரி. கம்பிப் பதம் வரை போக வேண்டாம், ஆறியதும் பசைபோல இழுக்கும். பாகு வெதுவெதுப்பானதும் பழத்தின்மேல் ஊற்றுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஆப்பிள் தோலையும் விதை நீக்கிய நடுத்தண்டையும் எறியாமல் மெல்லிய துணியில் முடிந்து பாகில் போட்டு, பழம் போடுவதற்கு முன் 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பெக்டின் அங்கேதான் அதிகம். முடிச்சைப் பிழிந்து எடுத்த பிறகு பாகு கொழகொழவென்று நிற்கும், சிவப்புத் தோல் என்றால் இளஞ்சிவப்பு நிறமும் கிடைக்கும். ஸ்ட்ராபெர்ரி, பீச், அன்னாசி, பேரிக்காய் இவற்றில் பெக்டின் குறைவு. இவற்றைத் தனியாகச் செய்யும்போதும் ஓர் ஆப்பிளின் தோலை முடிந்து போடலாம்.

அவசரம் என்றால் 250 மி.லி. பாகுக்கு 1 தேக்கரண்டி சோளமாவு (கார்ன்ஃப்ளார்). 1 மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றி, 1 நிமிடம் கொதித்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பச்சை மாவு வாடை நிற்கும். ஃப்ரீசரில் வைக்கப்போகும் கம்போட்டில் சோளமாவு வேண்டாம், உறைந்து உருகும்போது நீர் பிரியும். அதற்கு அரோரூட் நல்லது, ஆனால் அதை நேரம் நீட்டிக் கொதிக்கவிட்டால் இளகிவிடும். கெட்டியானதும் இறக்கிவிடுங்கள்.

நாவல்மரம்
பெர்ரிக்கும் இதே முறைதானா? ஃப்ரீசரில் உறைந்த கலவைதான் கைவசம் இருக்கு.

பாகுபதம்
இல்லை. பெர்ரிக்குத் தண்ணீரே ஊற்றக் கூடாது. 500 கிராம் உறைந்த பழம், 60 முதல் 75 கிராம் சர்க்கரை, 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. உருகவிடாமல் அப்படியே போடுங்கள். பனி ஊசிகள் செல்களைக் கிழித்திருப்பதால் சாறு தானாகவே கொட்டும். 300 கிராமை முதலில் போட்டு 8 நிமிடம் காய்ச்சிச் சாற்றைச் சுண்டவிட்டு, மீதி 200 கிராமைச் சேருங்கள். மறுபடி கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் முழுதாகக் கொதிக்கட்டும். இந்தக் கடைசி நிமிடத்தைக் குறைக்காதீர்கள்: உறைந்த பெர்ரிகளில் நோரோவைரஸ், ஹெபடைடிஸ் ஏ ஆகிய நோய் வைரஸ்கள் இருக்க வாய்ப்புண்டு, உறைவதால் அவை சாகா. இப்படிச் செய்தால் பாதி குழைந்த பாகாகவும் பாதி முழுப் பழமாகவும் வரும். சாப்பிடும்போது அந்த வித்தியாசம்தான் சுவை.

புதிய ஸ்ட்ராபெர்ரி என்றால் சர்க்கரை தூவி ஒரு மணி நேரம் வையுங்கள். ஊறிய சாற்றை மட்டும் 3, 4 நிமிடம் சுண்டவிட்டுப் பழத்தைப் போட்டு 2 நிமிடத்தில் இறக்குங்கள். நேரம் நீண்டால் நிறம் மங்கிப் பழுப்பாகும்.

வத்தல்டப்பா
உலர்பழக் கம்போட் செய்றவங்களுக்கு: மேலே சொன்ன சர்க்கரை விதி இங்கே தலைகீழ். முதலிலேயே பாகில் போட்டா பழம் தண்ணி குடிக்காது, உள்ளே ரப்பர் மாதிரியே இருக்கும். 250 கிராம் உலர் ஆப்ரிகாட், பிளம்ஸ் கலவைக்கு 750 மி.லி. தண்ணி. ராத்திரி முழுக்க ஊறட்டும். அந்த ஊறின தண்ணியிலேயே சிறு தீயில 20, 25 நிமிஷம். உலர்திராட்சையைக் கடைசி 5 நிமிஷத்துல போடுங்க, முன்னாடி போட்டா சாறு எல்லாம் இறங்கிச் சக்கையாயிடும். சர்க்கரை கடைசியில ருசி பாத்து. பெரும்பாலும் 30 கிராமுக்கு மேல தேவைப்படாது. உலர் பிளம்ஸ்ல சார்பிட்டால் இருக்கு, வயிற்றை இளக்கும். குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது அளவைப் பாத்துக்குங்க.

பட்டை, கிராம்பு போடுறதுன்னா முழுசா போடுங்க, பொடி வேண்டாம். பட்டைப் பொடி பாகைக் கலங்கலாக்கி வழவழப்பாக்கிடும். 1 கிலோவுக்கு ஒரு விரல் நீளப் பட்டை, 2 கிராம்பு. கிராம்பை அடுப்பை அணைச்சதும் எடுத்துடணும், ஊற ஊறக் காரம் ஏறிப் பழ ருசியை அமுக்கிடும்.

நாவல்மரம்
பாட்டில் விஷயம் யாரும் சொல்லலையே. கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மூடி, தலைகீழாக் கவிழ்த்து வச்சா அலமாரியில மாசக்கணக்கில் நிக்கும்னு படிச்சேன். சர்க்கரை இருக்குல்ல, அதுவே காப்பாத்தாதா?

தராசுத்தட்டு
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்த இழையில் கவனமாகப் படிக்க வேண்டியது இதுதான்.

ஜாமில் சர்க்கரை தண்ணீரைக் கட்டிப்போடுகிறது, அதனால் கிருமி வளர நீர் கிடைப்பதில்லை. கம்போட்டில் அந்த அளவு சர்க்கரை கிடையாது. இங்கே இருப்பது சுவைக்கான சர்க்கரை. பாட்டிலைக் கவிழ்த்தால் மூடி ஒட்டிக்கொள்ளும். ஆனால் உள்ளே இருக்கும் பூஞ்சையும் ஈஸ்டும் சாவதற்கு வேண்டிய சூடு, வேண்டிய நேரம் கிடைக்காது. மூடி ஒட்டியிருப்பது பாதுகாப்புக்கு அடையாளம் இல்லை.

அலமாரியில் வைக்க வேண்டுமானால் இரண்டு நிபந்தனை. ஒன்று, புளிப்பு: அதைக் காட்டும் பிஹெச் எண் 4.6க்குக் கீழே இருக்க வேண்டும் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). அதற்கு மேலே போனால் காற்றில்லாத பாட்டிலுக்குள் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி நஞ்சு உண்டாக்கலாம், அதை வாசனையாலும் சுவையாலும் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். ஆப்பிள், பிளம்ஸ், ஆப்ரிகாட், மஞ்சள் பீச், பெர்ரிகள், அன்னாசி இயல்பிலேயே போதிய புளிப்பு. அத்தி, பப்பாளி, நன்கு கனிந்த மாம்பழம், வெள்ளைச் சதை பீச், வாழை, முலாம்பழம் எல்லையைத் தாண்டலாம். இவற்றில் அத்திக்கு அமெரிக்க வேளாண்துறை தரும் அளவு: அரை லிட்டர் பாட்டிலுக்கு 1 மேசைக்கரண்டி, அடைத்து விற்கும் எலுமிச்சைச் சாறு. அடைத்த சாறு ஏன் என்றால் அதன் புளிப்பு ஒரே சீராக இருக்கும், பழத்துக்குப் பழம் மாறாது. மற்றவற்றை ஃப்ரீசரில் வைப்பதே நல்லது.

இரண்டு, பாட்டிலோடு கொதிநீரில் வைப்பது. ஆப்பிள் துண்டுகளைப் பாகில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, சூடான பாட்டிலில் வாய் விளிம்புக்கு 1.25 செ.மீ. கீழே வரை நிரப்பி, குச்சியால் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, விளிம்பைத் துடைத்து மூடுங்கள். மூடிக்கு மேலே குறைந்தது 2.5 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். கொதி வந்த பிறகு 20 நிமிடம். இது கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரம் வரை. 900 மீட்டர் வரை 25, 1,800 மீட்டர் வரை 30, அதற்கும் மேலே 35 நிமிடம். உயரம் கூடினால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதனால்தான் நேரம் கூடுகிறது. வேறு பழத்துக்கு வேறு நேரம், ஆப்பிள் கணக்கை எல்லாவற்றுக்கும் போட வேண்டாம். சோளமாவோ அரோரூட்டோ சேர்த்ததை இப்படி அடைக்கவே கூடாது, கெட்டிப் பாகின் நடுவே சூடு போய்ச் சேராது.

மறுநாள் மூடியின் நடுவில் அழுத்திப் பாருங்கள். மேலும் கீழும் அசைந்தால் அந்தப் பாட்டில் ஃப்ரிட்ஜுக்கு.

கூடைப்பழம்
அவ்வளவு தூரம் வேண்டாம், ஃப்ரிட்ஜ் போதும் என்றால்?

தராசுத்தட்டு
4 டிகிரியில் ஒரு வாரம். இறக்கிய 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். அகலமான தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். ஈரக் கரண்டி, ருசி பார்த்த கரண்டி இரண்டும் ஆகாது. குமிழி, சாராய வாடை, மூடி உப்பல் தெரிந்தால் முழுதையும் கொட்டிவிடுங்கள். பூஞ்சைப் புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது வேண்டாம், நீர்ப்பதமான பொருளில் அது கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழம் போயிருக்கும். ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில், டப்பாவின் மேலே 2 செ.மீ. இடம் விட்டு வைத்தால் ஆறு மாதமும் சுவை நன்றாக நிற்கும்.

நெல்லிக்கனி
அன்னாசிக் கம்போட்டைத் தயிரில் கலந்தால் கசக்கிறது. பாலில் போட்டால் திரிகிறது. பழம் சரியில்லையா?

சிறுதீ
கசப்பு, நடுப்பகுதி சரியாகச் சூடேறாததால் வருவது. அன்னாசியில் புரதத்தை அறுக்கும் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது, பப்பாளியில் பப்பைன். கொதி வந்தபின் 5 நிமிடம் துண்டு முழுதும் சூடேறினால் புரோமலைன் செயலிழக்கும். அதனால் அன்னாசிக்கு மட்டும் நான் சொன்ன 85 டிகிரி விதி வேண்டாம், கொதிக்கவே விடலாம், அது எளிதில் உடையாது. ஜெலட்டின் சேர்த்து உறையவைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும், வேகாத அன்னாசி உறையவே விடாது.

பால் திரிவது பெரும்பாலும் புளிப்பால். சூடான பாலில் எந்தக் கம்போட்டும் திரிக்கும். ஓட்ஸ் கஞ்சி என்றால் இறக்கி, சற்று ஆறிய பிறகு மேலே ஊற்றுங்கள், கலக்க வேண்டாம். தயிருக்குக் கம்போட் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், துண்டுகளை மட்டும் எடுத்துப் போட்டால் தயிர் நீர்க்காது.

பாகுபதம்
கேக் நடுவே வைப்பவர்கள் பாகை முழுதும் வடித்துவிட்டுத் துண்டுகளை அரை மணி வலைத்தட்டில் விடுங்கள். வடிந்த பாகில் சோளமாவை இரட்டிப்பாக்கி, 250 மி.லி.க்கு 2 தேக்கரண்டி என்று கெட்டியாக்கி, குளிர்ந்த பிறகு துண்டுகளோடு பிசிறுங்கள். கேக்கின் விளிம்பைச் சுற்றி கிரீமால் வரம்பு கட்டி உள்ளே நிரப்பினால் கசியாது. மிஞ்சிய பாகு சோடாவுக்கு: 1 பங்கு பாகு, 4 பங்கு சோடா.

வத்தல்டப்பா
குடிக்கிற கம்போட்டும் உண்டே! கிழக்கு ஐரோப்பாவுல அந்தப் பேருக்கே அதுதான் அர்த்தம். 1 கிலோ பழத்துக்கு 3 லிட்டர் தண்ணி, 150 முதல் 200 கிராம் சர்க்கரை. 10 நிமிஷம் கொதிக்கவிட்டு, அணைச்சு, மூடி ஒரு மணி நேரம் அப்படியே விடுங்க. சாறு இறங்குறது அந்த ஒரு மணியிலதான், அடுப்புல இல்ல. புளிப்புச் செர்ரியும் ஆப்பிளும் சேர்ந்தா நிறமும் மணமும் அபாரம். கொட்டையோட போட்டிருந்தா ரொம்ப நாள் வைக்காம வடிச்சுடுங்க.

நெல்லிக்கனி
தேன் சேர்க்கலாமா? சர்க்கரைக்குப் பதில் மாத்திரை இனிப்பு?

தராசுத்தட்டு
தேன் சர்க்கரையின் முக்கால் பங்கு எடையில், அடுப்பை அணைத்த பிறகு. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் சேர்த்ததைக் கொடுக்கவே கூடாது. மாத்திரை இனிப்புகளில் ஒன்றான அஸ்பார்டேம் சூட்டில் சிதைந்து இனிப்பு போய்விடும், அதையும் ஆறிய பின்தான். இரண்டிலும் துண்டுகளை நிறுத்தும் வேலையைச் செய்ய வேகும்போது பாகில் சர்க்கரை இருக்காது. அதனால் பழத்தைச் சற்றுக் காய்வெட்டாகவே தேர்ந்தெடுங்கள்.

கூடைப்பழம்
பேரிக்காய் முதல், பாதி வெந்ததும் எலுமிச்சையோடு ஆப்பிள், மேலே தாள், தோல் முடிச்சு. இப்படிச் செய்ததில் துண்டுகள் நிற்கின்றன, பாகும் கொழகொழவென்று வந்துவிட்டது. நன்றி. ஒன்று மட்டும்: பேரிக்காய் சில துண்டுகள் இளஞ்சிவப்பாகிவிட்டன. ஆப்பிள் தோல் பச்சைதான். கெட்டுவிட்டதா?

சிறுதீ
கெடவில்லை. பேரிக்காயில் நிறமில்லாத சில பொருட்கள் உண்டு, புளிப்பும் நீண்ட சூடும் சேர்ந்தால் அவை சிவப்பு நிறமியாக மாறும். சீமைமாதுளை எனப்படும் குவின்ஸ் பழம் நேரம் ஆக ஆகச் சிவப்பதும் இதனால்தான். வெள்ளையாகவே வேண்டுமானால் எலுமிச்சையைக் குறைத்து, வெந்ததும் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கிச் சீக்கிரம் ஆறவிடுங்கள். நிறம் பிடித்திருந்தால் அப்படியே விடலாம், சுவையில் மாற்றம் எதுவும் இல்லை.